கசூரினா பீச்சுக்குக் குடும்பத்தோட முதன்முதலாப் போறீங்களோ? வெளிக்கிட முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கோ

ஒவ்வொரு லீவுக்கும் கனடாவிலயிருந்தும் கொழும்பிலயிருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கினா அவையைக் காரைநகர் கசூரினாவுக்குக் கூட்டிக்கொண்டு போறது எங்கட வீட்டில என்ர பொறுப்பு. கடலால எங்களுக்கு ஒரு கரைச்சலும் வந்ததில்லை, காத்துச் சரியான நாளில பெரியாக்கள் பக்கத்தில நிண்டு சின்னப் பிள்ளையளை இறக்கக்கூடிய கடல் அது, கரையிலயிருந்து கனதூரம் நடந்தாலும் பெரியாக்களுக்கு இடுப்பளவு தண்ணிதான் வரும். கரைச்சல் எல்லாம் போய் வாறதில. கொண்டுபோய் விட்ட ஓட்டோ திரும்பி வராது, குடிதண்ணி பாதி நாளில முடிஞ்சிடும், அந்தப் பக்கம் போய் நிண்டுகொண்டு லைசென்ஸ் எங்க எண்டு தேடவேண்டி வரும். வீட்டிலயே பாத்து வச்சா இது ஒண்டும் வராது, அதுதான் வெளிக்கிடுற ஒழுங்கிலயே எழுதியிருக்கிறன்.

1. முதல்ல காத்தைப் பாருங்கோ, பிறகு கலண்டரைப் பாருங்கோ

கசூரினா வடக்குப் பாத்த கரை. இது விளங்கினா எப்ப போறது எண்ட கேள்விக்குப் பாதி விடை வந்திடும்.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் வாடைக்காத்தும் மழையும். காத்து வடகிழக்கால வந்து நேர கரையில அடிக்கும், தண்ணி கலங்கி மண்ணிறமா நிக்கும், அலையும் இருக்கும். பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறைப் பக்கம் பட்டம் ஏத்துறது இந்த வாடையிலதான், பட்டத்துக்கு நல்ல காத்து ஆனா பிள்ளையளைக் குளிக்க விடுற காத்தில்லை. வெளிநாட்டுச் சனம் கனபேர் நத்தார் லீவுக்குத்தான் வருவினம், அந்த நேரம் மழை விட்ட ஒரு நாளைப் பாத்துப் போய்க் கரையில நடக்கலாம், சவுக்கு மரத்துக்குக் கீழ இருக்கலாம், குளிப்பு எண்டு பிள்ளையளுக்கு ஆசை காட்டாதேங்கோ.

மாசி, பங்குனி, சித்திரை திறமான காலம். கடல் குளம் மாதிரிக் கிடக்கும். சித்திரையில வெய்யில் சரியான கடுமை, அதுக்கேத்த மாதிரி நேரத்தை மாத்தினாச் சரி.

வைகாசி தொடக்கம் ஆவணி, புரட்டாதி வரைக்கும் சோளகக் காத்து. ஐரோப்பாவில பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்ட் எண்டபடியால் கூடுதலான ஆக்கள் வாறது இந்த நேரம்தான். காத்து தெற்குப் பக்கத்தால, அதாவது தரையிலயிருந்து கடலுக்குப் போகும். அதால கரையை ஒட்டின தண்ணி மட்டமாத்தான் தெரியும். ஆபத்து இருக்கிறதும் அதுக்குள்ளதான், 7ஆவது படியில விவரமாச் சொல்லுறன், அதை மட்டும் தாண்டிப் போகாதேங்கோ.

எந்த மாதமெண்டாலும் முதல் நாள் இரவு வளிமண்டலவியல் திணைக்களத்தின்ர கடல் எச்சரிக்கையைப் பாருங்கோ. மீன்பிடிக்கப் போகவேண்டாம் எண்டு அறிவிச்ச நாளில நாங்களும் பிள்ளையளை இறக்கக்கூடாது.

2. கிழமையும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமையும் போயா நாளும் பின்னேரத்தில சனம் அள்ளுப்படும். வான், பஸ், பாட்டுப்பெட்டி எண்டு வாகனம் விடவே இடமிராது. ஏலுமெண்டா கிழமை நாளில போங்கோ. சனி, ஞாயிறுதான் வசதி எண்டா காலமைதான் உங்களுக்கு வழி.

எங்கட வீட்டுக் கணக்கு என்னெண்டா, டவுனிலயிருந்து காலமை ஆறரைக்கு வெளிக்கிட்டு ஏழரைக்கு அங்க நிண்டு, பத்தரை வரை குளிச்சு, பதினொண்டுக்கு உடுப்பு மாத்தி வெளிக்கிடுறது. கைக்குழந்தையோட போறாக்களுக்கு இதை விட்டா வேற நேரம் சரிவராது. பின்னேரம்தான் வேணும் எண்டா மூண்டரைக்குப் பிறகு இறங்குங்கோ. பொழுது படுறது ஆறு மணியை ஒட்டித்தான், ஆடியில கொஞ்சம் பிந்தும், கார்த்திகையில ஆறுக்கு முன்னமே பட்டிடும். சூரியன் இறங்கிறதைப் பாக்க நிக்கிறது வடிவுதான், எண்டாலும் திரும்பிற வாகனம் கையில இருந்தா மட்டும் நில்லுங்கோ.

மத்தியானம் பதினொண்டிலயிருந்து மூண்டு மணி வரைக்கும் போய் மினக்கெடாதேங்கோ. மர நிழல் இருக்குத்தான், ஆனா நிழலுக்கும் தண்ணிக்கும் நடுவில இருக்கிற மணலில வெறுங்காலோட நடக்கேலாது, பிள்ளையள் குழறும்.

3. கையில இருக்கவேண்டிய பேப்பருகள்

பீச்சுக்குப் போக ஏன் பேப்பர் எண்டு கேப்பியள். பீச்சுக்குத் தேவையில்லை, றோட்டுக்குத்தான் தேவை.

உள்ளூர் ஆக்கள் ஐசியும் (அடையாள அட்டை) லைசென்ஸும் கொண்டு போங்கோ. சொந்த வாகனமோ வாடகை வாகனமோ, வருமான அனுமதிப்பத்திரமும் இன்சூரன்ஸும் திகதி முடியாமல் இருக்கோணும். மோட்டச்சைக்கிளோ ஸ்கூட்டியோ வாடகைக்கு எடுக்கேக்க இந்த ரெண்டையும் காட்டச் சொல்லி, திகதியைப் பாத்து, போனில ஒரு படம் எடுத்துப்போட்டுத்தான் காசைக் குடுங்கோ. முதல் கீறல் இருந்தா அதையும் கடைக்காரருக்கு முன்னாலயே படம் எடுங்கோ. எங்களிட்ட ஒரு இடத்தில பழைய கீறலுக்குக் காசு கேட்டு அரை மணித்தியாலம் வாய்த்தர்க்கம், படம் இருந்தபடியால்தான் தப்பினம். ஓடுறவருக்கும் பின்னால இருக்கிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், மாமாவையும் மருமகனையும் ஒண்டா ஏத்தி மூண்டு பேராப் போற வேலை வேண்டாம்.

வெளிநாட்டிலயிருந்து வந்த ஆக்கள் இதை வடிவாக் கவனியுங்கோ. லண்டன் லைசென்ஸையோ கனடா லைசென்ஸையோ மட்டும் வச்சுக்கொண்டு இலங்கையில வாகனம் ஓடேலாது. சர்வதேச லைசென்ஸ் இருந்தா அதைக் கொழும்பில இருக்கிற ஒட்டோமொபைல் அசோசியேஷனில காட்டி அங்கீகாரம் எடுக்கோணும், இல்லாட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ் எடுக்கோணும். 2025 ஆகஸ்ட் தொடக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்திலயும் தற்காலிக லைசென்ஸுக்குக் கவுண்டர் ஒண்டு இருக்கு. அங்க எடுக்கேக்க எந்த வகை வாகனத்துக்குச் செல்லும் எண்டு கேட்டு எடுங்கோ, மோட்டச்சைக்கிளுக்குச் செல்லுமோ எண்டதைத் தனியாக் கேளுங்கோ. சென்னையிலயிருந்து பலாலிக்கு பிளேனில வாறாக்களும், நாகபட்டினத்திலயிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில வாறாக்களும் கட்டுநாயக்கப் பக்கமே போறதில்லை, அவை வாகனத்தை ட்ரைவரோட பிடிக்கிறது சுகம். வாடகைக்குக் குடுக்கிறவர் லைசென்ஸ் கேக்கேல்லை எண்டா பொலிசும் கேக்காது எண்டு நினைக்காதேங்கோ, ஏதும் விபத்து நடந்தா இன்சூரன்ஸும் கைகுடுக்காது.

பாஸ்போட்டை லொட்ஜிலயே விட்டிட்டு அதின்ர போட்டோகொப்பியையும் விசாப் பக்கத்தின்ர படத்தையும் கொண்டு போங்கோ. உப்புத்தண்ணி பட்ட பாஸ்போட் பிறகு எயாப்போட்டில கரைச்சல் தரும்.

ட்ரோன் வச்சிருக்கிற தம்பிமாருக்கு ஒண்டு. சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில பதிவு இல்லாமல் அதைப் பறக்கவிடேலாது, அதோட காரைநகரில பெரிய நேவி முகாம் இருக்கு. போற வழியில முகாமையோ காவலரணையோ போனால படம் எடுக்கிறதும் வேண்டாம்.

4. போற வழி

டவுனிலயிருந்து 20 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட வரும். மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை பிடிச்சு, மூளாய் தாண்டிப் பொன்னாலைக்கு வந்தா அங்கயிருந்து கடலுக்கு நடுவால காரைநகருக்குப் போற றோட்டு. ரெண்டு பக்கமும் தண்ணி, கொக்கு, நாரை, களங்கட்டி (தடி நட்டு வலை கட்டிப் பிடிக்கிற) மீன்பிடி எல்லாம் தெரியும், எல்லாருக்கும் படம் எடுக்க ஆசை வரும். நிப்பாட்டுறதெண்டா ஓரமா விட இடம் பாத்து நிப்பாட்டுங்கோ. பக்கக்காத்து கடுமையா அடிக்கிற நாளில அந்த இடத்தில ஸ்கூட்டி இழுக்கும், ஆறுதலா ஓடுங்கோ.

பஸ்ஸில போறதெண்டா டவுன் பஸ் ஸ்டாண்டில காரைநகர் பஸ் ஏறுங்கோ, 782, 785 எண்டு நம்பர் போட்டிருக்கும். ஒண்டரை மணித்தியாலம் வரைக்கும் எடுக்கும். பஸ் உங்களைக் கடற்கரை வாசலில கொண்டுபோய் இறக்காது. கண்டக்டரிட்ட கசூரினா போறம் எண்டு முதலே சொன்னா வலந்தலைச் சந்தியில இறக்கிவிடுவார், அங்கயிருந்து ஓட்டோ பிடிக்கோணும். வெய்யிலுக்க பிள்ளையளோட நடக்கிற தூரமில்லை.

டவுனிலயிருந்தே ஓட்டோவோ வானோ பிடிக்கிறாக்கள் அடுத்த படியை வாசிச்சுப்போட்டுப் பேசுங்கோ.

5. காசுக் கணக்கு

கூடச் செலவு வாகனத்துக்குத்தான், மற்றதெல்லாம் சில்லறை.

ஓட்டோக்காரரோட கதைக்கேக்க "கசூரினாவுக்கு எவ்வளவு?" எண்டு கேட்டீங்களெண்டா அவர் சொல்லுறது போறதுக்கு மட்டும். "போய், மூண்டு மணித்தியாலம் நிண்டு, திருப்பிக் கொண்டுவந்து வீட்டில விட மொத்தம் எவ்வளவு?" எண்டு கேளுங்கோ. நிக்கிற நேரத்துக்கு வெயிட்டிங் சேத்தோ இல்லையோ எண்டதைத் தெளிவாப் பேசுங்கோ. வழியில கோயிலுக்கு நிப்பாட்டோணும் எண்டா அதையும் அப்பவே சொல்லுங்கோ. வாடகை வாகனம் பிடிக்கிற பிக்மீ அப்பில டவுனிலயிருந்து போக எவ்வளவு காட்டுது எண்டு பாத்தா ஒரு அளவு தெரியும், அதை வச்சுப் பேரம் பேசலாம். ஆனா திரும்பி வரவும் அப்பில பிடிப்பம் எண்டு போகாதேங்கோ, காரைநகர்க் கரையில நிண்டு அழுத்தினா கன நேரத்துக்கு ஒருத்தரும் வராயினம்.

முழுக் காசையும் போன உடன குடுக்கவேண்டாம். பாதியைக் குடுத்து மிச்சம் வீட்டில எண்டு பேசுங்கோ. ஒருக்கா ஒருத்தர் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு "அஞ்சு மணிக்கு வாறன்" எண்டு போனவர், போனும் ஓஃப். ஈர உடுப்போட பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு இருட்டுக்க சந்தி வரைக்கும் நடந்தம். ட்ரைவரின்ர நம்பரை எடுத்து, அவருக்கு முன்னாலயே ஒரு மிஸ்கோல் குடுத்துப் பாருங்கோ.

ஆக்கள் கூடவெண்டா ரெண்டு ஓட்டோவை விட ஒரு வான் மலிவா முடியும், திரும்பி வரேக்க பிள்ளையள் நித்திரையும் கொள்ளுங்கள்.

கடற்கரை வாசலில உள்ள போகவும் வாகனம் விடவும் ரிக்கெற் எடுக்கோணும், பிரதேச சபைதான் அறவிடுறது. சின்னக் காசு, துண்டை வாங்கி வச்சிருங்கோ. உடுப்பு மாத்த, கால் கை கழுவ, கச்சான், ஐஸ்கிறீம் எண்டு அம்பதும் நூறுமா இறைபடும். 5000 ரூபாத் தாளை நீட்டினா ஒருத்தரிட்டையும் மாத்த இராது, பாங்க் காட்டும் எடுக்கமாட்டினம். வாகனக் காசை விட்டு, ஒரு குடும்பத்துக்கு ரெண்டாயிரம் ரூபாயைச் சில்லறையாக் கையில வச்சிருங்கோ. ஏரிஎம் மானிப்பாயிலயோ சங்கானையிலயோ முடிச்சுக்கொள்ளுங்கோ.

6. கொண்டு போறது

நல்ல தண்ணி. முதலும் அதுதான், கடைசியும் அதுதான். காரைநகரில நிலத்தடித் தண்ணி உவர், அங்கத்தைய சனமே குடிக்கிறதுக்கு பவுசர் தண்ணியைப் பாத்துக்கொண்டிருக்கிறவை, அதால அங்க போய் ஆற்றையும் கிணத்தில குடிப்பம் எண்டு போகாதேங்கோ. ஆளுக்கு ரெண்டு லீற்றர், அதுக்கு மேலதிகமா கடைசியாப் பிள்ளையளின்ர கண்ணும் முகமும் கழுவ ஒரு அஞ்சு லீற்றர் கான். ஐஸ் போட்ட பெட்டி இருந்தா இன்னும் நல்லம்.

சாப்பாடு வீட்டில கட்டுங்கோ. இடியப்பமும் சம்பலும், இல்லாட்டி புட்டும் வாழைப்பழமும் காணும். கறி கிறி எண்டு கனக்கக் கொண்டு போனா மணல் விழும், காகமும் நாயும் சுத்தி நிண்டு நிம்மதியாச் சாப்பிட விடாது. மூடியுள்ள பெட்டியில கட்டுங்கோ. குளிச்சு ஏறின உடன பிள்ளையளுக்குப் பசி வயித்தைக் கிள்ளும், அந்த நேரம் கையில குடுக்க பிஸ்கட்டோ றோல்ஸோ தனியா வையுங்கோ.

ஆளுக்கு ஒரு துவாய், மாத்துடுப்பு, செருப்பு, ஈர உடுப்புக்கு ரெண்டு மூண்டு சொப்பிங் பாக், இருக்கிறதுக்கு ஒரு பழைய பெட்சீற் அல்லது பாய். வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு சன்கிறீமும் தொப்பியும் மறக்கவேண்டாம், அதுகளின்ர தோல் ஒரு மணித்தியாலத்தில சிவந்திடும். குப்பை போட ஒரு பை கட்டாயம், கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வாங்கோ, அந்தக் கரையில போத்தல் ஓட்டில கால் வெட்டுறது பிள்ளையளுக்குத்தான்.

உடுப்பு பற்றி. எங்கட சனம் அங்க ரீசேட், காற்சட்டை, சுடிதார் எண்டுதான் குளிக்கிறது, அதே மாதிரிப் போனா ஒருத்தரும் திரும்பிப் பாக்காயினம். ஒண்டு கட்டாயம், சுடிதார் ஷோலைக் கரையில களட்டி வச்சிட்டு இறங்குங்கோ. தண்ணிக்க அது கழுத்திலயும் காலிலயும் சுத்தும். பாவாடை, சாரியோட அம்மம்மா கால் நனைக்கிறதோட நிக்கட்டும்.

7. இறங்க முன்னம்

சனம் குளிக்கிற இடத்திலயே குளியுங்கோ. தனிமை வேணும் எண்டு ஆளில்லாத பக்கமாத் தள்ளிப் போறது இளம் பெடியளின்ர பழக்கம், அந்தப் பக்கம் குழி எங்க இருக்கு எண்டு தெரியாது. எங்க ஆழம், எங்க கல்லு எண்டு கரையில நிக்கிற மீன்பிடிக்கிறவையிட்டக் கேளுங்கோ, அவை ஆசையாச் சொல்லுவினம்.

இப்ப அந்தச் சோளகக் கதைக்கு வாறன். வைகாசிக்குப் பிறகு காத்து கரையிலயிருந்து வெளிய தள்ளும். தண்ணி அமைதியா இருக்கு, ஆழமும் இல்லை எண்டு பிள்ளையளை ரியூப்பிலயோ காத்தடிச்ச மெத்தையிலயோ விட்டிட்டுப் பெரியாக்கள் கரையில இருந்து கதைப்பினம். ரியூப் சத்தமில்லாமல் வெளிப் பக்கமா நகரும். அலை இல்லாதபடியால் பிள்ளைக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கவனிக்கிற நேரம் பிள்ளை எட்டாத தூரத்தில. இறங்க முன்னம் ஒரு பிடி காஞ்ச மணலை எடுத்துத் தோள் உயரத்திலயிருந்து விட்டுப் பாருங்கோ. மணல் கடல் பக்கமாப் பறந்தா அண்டைக்கு ரியூப், மெத்தை, பந்து ஒண்டும் தண்ணிக்க வேண்டாம். பந்து போனா அதுக்குப் பின்னால போகவேண்டாம், போகட்டும் எண்டு விடச்சொல்லி முதலே பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ. நீந்தத் தெரிஞ்ச பெரியாள் ஒருத்தர் பிள்ளையளுக்கு வெளிப் பக்கத்தில, ஆழப் பக்கமா நிக்கோணும். கரையில நிண்டு பாக்கிறது காவலில்லை.

காலை வைக்கேக்க தூக்கி வைக்காமல் மணலோட அரைச்சுக்கொண்டு நடவுங்கோ, மணலுக்க புதைஞ்சு கிடக்கிற திருக்கை அந்த அசைவுக்கு ஓடிடும். சில நாளில சாதாளை (கடல் பாசி, புல்லு) ஒதுங்கிக் கரையோரம் கறுப்பாக் கிடக்கும், கொஞ்சம் மணக்கும், பயப்பிட ஒண்டுமில்லை, கொஞ்சம் தள்ளிப் போனாத் துப்புரவா இருக்கும். சொறி (ஜெல்லி மீன்) மிதந்தா தண்ணியால ஏறுங்கோ. பட்டிட்டா மணல் போட்டுத் தேய்க்கிறது எங்கட ஊர்ப் பழக்கம், அதைச் செய்யாதேங்கோ, தேய்க்கத் தேய்க்க நஞ்சு கூடப் பரவும். கடல் தண்ணியால கழுவி, ஒட்டிக்கிடக்கிற நூலைத் துணியாலயோ பாங்க் காட்டின்ர விளிம்பாலயோ தேய்க்காமல் எடுத்துவிடுங்கோ. மூச்சு முட்டினா, முகம் வீங்கினா தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. சுவசெரிய அம்புலன்ஸ் 1990, காசில்லை. பொலிஸ் 119. காரைநகரிலயே பிரதேச வைத்தியசாலை இருக்கு, பெரிசா ஏதும் எண்டா யாழ் போதனா.

வெறியில நிக்கிறாக்களுக்குப் பக்கத்தில பிள்ளையளை விடாதேங்கோ, இடத்தை மாத்துங்கோ, வாய் குடுத்துப் பிரயோசனமில்லை.

8. கோயிலும் போறதெண்டா

ஈழத்துச் சிதம்பரம் சிவன் கோயில் காரைநகரிலதான். கடலுக்குப் போக முன்னம் போங்கோ, குளிச்சு உப்பும் மணலுமாப் போறது அழகில்லை, மத்தியானத்துக்குப் பிறகு நடையும் பூட்டியிருக்கும். ஆம்பிளையள் மேற்சட்டை களட்டோணும், ஒரு வேட்டியைப் பையுக்க வையுங்கோ. மார்கழித் திருவெம்பாவை நாளில ஊர் முழுக்கச் சனம், அந்த நாளில கடலையும் சேத்து யோசிக்காதேங்கோ.

9. திரும்பி வாறது

பஸ்ஸில வந்தாக்கள் சந்தியில இறங்கேக்கையே திரும்பிற பஸ் எத்தினை மணிக்கு, கடைசி எது எண்டு கடையில கேட்டு வையுங்கோ. கடற்கரைக்குக் கொண்டுபோய் விடுற ஓட்டோவையே திருப்பி ஏத்த வரச்சொல்லி நேரம் பேசுங்கோ. பொழுது பட்டாப் பிறகு பஸ்ஸை நம்பி நிக்கவேண்டாம்.

உடுப்பு மாத்த அறை இருக்கு, கூட்டமான நாளில வரிசை நிக்கும், அதால வெளிக்கிடுற நேரத்துக்கு அரை மணித்தியாலம் முன்னமே பிள்ளையளைத் தண்ணியால ஏத்துங்கோ. ஏறமாட்டுதுகள், அழுங்கள், அதுக்கும் சேத்துத்தான் அந்த அரை மணித்தியாலம்.

வேற வழியால வரவும் ஆசை எண்டா காரைநகர்த் துறையிலயிருந்து ஊர்காவற்றுறைக்குப் பாதை (ஆக்களையும் வாகனத்தையும் ஏத்துற மிதவை) ஓடுது, காசு இல்லை, மோட்டச்சைக்கிளையும் ஏத்தலாம். அக்கரையில இறங்கி வேலணை, மண்கும்பான், பண்ணைப் பாலம் வழியா டவுனுக்கு வரலாம், பிள்ளையளுக்கு அது தனிச் சந்தோசம். வானில போறாக்கள் உங்கட வாகனத்தை ஏத்துவினமோ எண்டு முதலே கேளுங்கோ. பாதை பழுதாக் கிடக்கிற நாளும் உண்டு, காத்து கடுமையெண்டாலும் ஓடாது. துறை வரைக்கும் போய் ஏமாறாமல் வலந்தலைச் சந்தியில விசாரிச்சுப் பாத்து, ஓடேல்லை எண்டா பொன்னாலை வழியாவே திரும்புங்கோ. வீட்டுக்கு வந்த உடன ஸ்கூட்டியை நல்ல தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டுத்தான் கடைக்காரரிட்டக் குடுங்கோ, உப்பு பிடிச்சிருந்தா அட்வான்ஸில கழிப்பினம்.